கண் மூடிய படம்

அத்தியாயம் 5

குவான்யின் அம்மன் பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அன்றோடு இரண்டு வருடக் கெடு முடிகிறது. அதற்கு முன் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் விடுமுறை வேறு. வெள்ளி முதல் திங்கள் வரை நீதிமன்றம் பூட்டிக் கிடக்கும். கெடு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் வரை நீளும், ஆனால் அதை நம்பி இழுக்க எனக்குத் துணிவில்லை. ஆக, எங்களுக்கு மிச்சம் இந்தப் புதன்கிழமையும் நாளை வியாழனும்தான்.

நான் நோட்டைத் திறந்து தேதி போட்டேன். ஏப்ரல் 1. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் தெரிந்தது, வலது பக்கம் தெரியாதது.

இடது பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் அம்மன் பிறந்தநாளன்று, கோயில் முற்றத்தில் வாடகைக் கூடாரம் சரிந்தது. அதன் இரும்புக்கால் லுவான் அக்காவின் வலது தோளில் விழுந்தது. அக்கா முடி திருத்துபவர். அன்றிலிருந்து அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. கூடாரம் ஹோ என்பவருடையது. அவர் மேல் நஷ்டஈட்டு வழக்கு போட இரண்டு வருடம்தான் அவகாசம். ஆஸ்பத்திரிச் சீட்டில் சேர்ந்த தேதி ஏப்ரல் 6. இந்த வருடக் காலண்டரில் அம்மன் பிறந்தநாள் ஏப்ரல் 6. இரண்டையும் ஒப்பிட்டு, பக்கத்தில் பச்சை மையில் சரி போட்டிருந்தேன்.

வலது பக்கத்தில் ஒரே ஒரு வரி. கூடாரக் காலில் பாரம் கட்டியிருந்ததா?

"நாலு காலுக்கும் நாலு நீல டிரம். கழுத்து வரைக்கும் தண்ணி" என்று ஹோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில்காரர்கள் பார்க்கவில்லை என்றார்கள். பார்த்த யாராவது ஒருவர் வேண்டும். வெள்ளிக்கிழமை லுவான் அக்கா எங்கள் அலுவலகத்துப் படியேறி வந்ததிலிருந்து அந்த ஒருவரைத்தான் தேடுகிறோம். சனி, ஞாயிறு கோயில் தெருவில் வீடு வீடாகக் கேட்டோம். திங்கள் முழுக்க மழை; வெளியே போகாமல் குறிப்புகளைச் சுத்தப் பிரதி எடுத்தேன். செவ்வாய் மறுபடியும் தெரு. பலன் இல்லை.

"நோட்டம்மா, அந்த வலது பக்கத்தையே மொறச்சிட்டு இருந்தா அது பயந்து பதில் சொல்லிடுமா?" என்றார் தூ அண்ணன்.

தூ அண்ணன் முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர். இப்போது தைவானின் தைனான் நகரிலேயே மிகச் சிறிய துப்பறியும் அலுவலகத்தில், யுன் என்கிற எனக்கு உதவியாளர். மூன்று மாலை நான் சட்ட வகுப்புக்குப் போகும்போது அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். நான்காம் மாடி; எங்கள் மொழியில் நாலு என்றால் சாவு என்று காதில் விழும், அதனால்தான் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியானது.

எதிரில் லுவான் அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. வலது கையை யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பை மாதிரி மடியில் வைத்திருந்தார்.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க. கூடாரம் விழறதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்க? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

"எத்தன தடவ சொல்றது பொண்ணு? பழத்தட்டு எடுத்துட்டுக் கூடாரத்துக்குள்ள வந்தேன். காத்து அடிச்சுது. விழுந்துருச்சு." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு இருக்கு. சொன்னா சிரிப்பீங்க."

"இங்க சிரிக்கறதுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, சொல்லு தங்கச்சி" என்றார் தூ அண்ணன்.

"வானம் தெளிவா இருந்துச்சு. ஆனா ரெண்டு தடவ மின்னுச்சு. வெள்ளையா. அம்மன்தான் எச்சரிச்சான்னு நெனச்சேன்."

"அம்மன் எச்சரிச்சா ஒரு தடவ மின்னுவா. ரெண்டாவது மின்னல், மொதல் படத்துல கண்ண மூடினவங்களுக்கு."

தூ அண்ணன் கிண்டலுக்குத்தான் சொன்னார். என் பேனா நின்றது.

"அண்ணே, அதேதான். பட்டப்பகல்ல ஃபிளாஷ் போட்டிருக்காங்க. கூடார நிழல்ல மொகம் இருட்டா விழும்னு பயந்த ஆளு. கைப்பேசியில எடுக்கறவங்க அவ்வளவு யோசிக்க மாட்டாங்க. கண்ணு மூடிருச்சுன்னு மறுபடியும் எடுத்திருக்காங்க. ஒரு மொகத்துக்காக இத்தன கவலைப்படறவங்க காலையிலயே தலையும் செஞ்சிருப்பாங்க." நான் அக்கா பக்கம் திரும்பினேன். "அன்னிக்குக் காலையில கடை திறந்தீங்களா?"

"திருநாளாச்சே. ஆறு மணிக்கே திறந்தேன். மூணு தல." அக்கா நோட்டு வைத்துக்கொள்வதில்லை, தலைகளைக் கை நினைவில் வைத்திருக்கும் என்பார். இடது கையால் காற்றில் ஒரு தலையைத் தடவினார். "மொதல் ரெண்டும் சும்மா கழுவி உலர்த்தினது. மூணாவது வெங் அம்மா. எண்பத்தோரு வயசு. ரோலர் போட்டு, மேல நல்லாத் தூக்கி, காதோரம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னாங்க. பின்பக்கம் வரும்போது, வேணாம், அத யாரு பாக்கப் போறான்னுட்டாங்க."

"என்ன உடுத்தியிருந்தாங்க?"

"கருநீலச் சட்ட. திருநாள் அதுவுமா எதுக்கும்மா இந்த நிறம்னு கேட்டேன். சிரிச்சாங்க."

தூ அண்ணன் வாயிலிருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டார். "கல்யாணத்துக்குப் போற பொம்பள பின்பக்கமும் கேப்பா. பின்பக்கமே வேணாம், நிறமும் வேணாம்னா, அது ஒரே ஒரு படத்துக்குத்தான். செத்தப்புறம் பூஜை மேடையில மாட்டற படம். முன்கூட்டியே எடுத்து வெச்சா ஆயுசு கூடும்னு எடுப்பாங்களே."

"கூடல" என்றார் லுவான் அக்கா. "போன வருஷமே போயிட்டாங்க. நான் ரெண்டாவது ஆபரேஷன்ல படுத்திருந்தேன். சாவுக்குக்கூடப் போகல."

நான் வலது பக்கத்தில் எழுதினேன். வெங் அம்மா வீடு. பூஜைப் படம். அதன் முழுப் படம்.

தூ அண்ணனின் மஞ்சள் டாக்ஸிக்கு வயது அதிகம். பின் கதவு உள்ளிருந்து திறக்காது. லுவான் அக்கா முன்னால் உட்கார்ந்தார். கால்வாய்ப் பாலம் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு ஒரேயடியாகக் கேட்க ஆரம்பித்தார். இரண்டு வருடமாகக் கேட்க ஆள் இல்லாமல் சேர்ந்த கேள்விகள்.

"யுன், சாமி நாள்ல நடந்ததுக்குக் கேஸ் போடலாமா? பாவம் இல்லையா?"

"ஹோ மேலதானே அக்கா போடறோம். சாமி மேல இல்லையே."

"சாமி பேர்ல வாடகை ரசீது இருந்தா சாமி மேலயும் போட்டுருப்பா இவ" என்றார் தூ அண்ணன்.

"நான் போலீசுக்குப் போகல. அது தப்பாயிடுமா?"

"குற்ற வழக்கா நடத்தணும்னா ஆறு மாசத்துக்குள்ள புகார் கொடுத்திருக்கணும். அது போயிருச்சு. நஷ்டஈட்டுக்கு ரெண்டு வருஷம். அதத்தான் இப்ப பிடிக்கப் போறோம்." சொல்லும்போதே பாடப்புத்தகத்தின் பக்கம் கண்ணில் தெரிந்தது. இருந்தாலும் அந்தப் பக்கத்தை மனதுக்குள் மறுபடியும் படித்தேன். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் சரியான பதிலையே மூன்று தடவை அழித்து எழுதுகிறவள் நான்.

"கயிறு கட்டியிருந்தாங்க, நான்தான் தாண்டி உள்ள போனேன்னு ஹோ சொல்றான்."

"அது நிரூபணமானா தொகையில கொறைப்பாங்க. கேஸே போயிடாது."

"இன்னொண்ணு." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போன வருஷம், பஞ்சாங்கத்துல வந்த அந்தக் கூடுதல் ஆறாம் மாசத்துல, எங்கம்மாவுக்குப் பன்னிக்கால் நூடுல்ஸ் செஞ்சு எடுத்துட்டுப் போகணும். கட்டிக் கொடுத்த பொண்ணுங்க எல்லாரும் செய்யறதுதானே. என்னால சட்டியத் தூக்க முடியல. அழுதுட்டு உக்காந்திருந்தேன். அன்னிக்குப் பாத்து ஹோ எங்க வீட்டு வாசல்ல நிக்கறான். கையில பழக்கூடை."

"பேரிக்கா வெச்சிருந்தானா?" என்றார் தூ அண்ணன். "பேரிக்கா கொடுத்தா உறவு முறியும்னு அர்த்தம்."

"ஆப்பிள். அடியில ஒரு உறை சொருகியிருந்துச்சு. நான் கதவத் திறக்கவே இல்ல. வாங்கினா கேஸ் செத்துருச்சுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தா. வாசல்லயே வெச்சுட்டுப் போனான். தம்பிய விட்டு அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். ஒரு ஆப்பிள்கூடத் தொடல." குரலில் பெருமை இருந்தது. "சரியாத்தானே செஞ்சேன்?"

"வாங்கினாலும் கேஸ் போகாதுன்னுதான் நெனைக்கறேன். எதிலயாவது கையெழுத்துப் போட்டாத்தான் ஆபத்து. வகுப்புல கேட்டுச் சொல்றேன்" என்றேன். நோட்டில் பழக்கூடை என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். கூடுதல் ஆறாம் மாசம், நூடுல்ஸ், அழுகை என்றும் எழுதினேன். நீதிபதி மனதைத் தொடும் என்று நினைத்தேன்.

வெங் வீட்டு மகனுக்கு அறுபதை ஒட்டிய வயது. லுவான் அக்காவைப் பார்த்ததும் வாசலிலேயே குனிந்து வணங்கினார். "அம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. லுவானுக்குக் கை போனதுல இருந்து என் தலை தலையாவே இல்லன்னு."

உள்ளே பூஜை மேடையில் படம் இருந்தது. கருநீலச் சட்டை, தூக்கிய முடி, காதோரம் இரண்டு பக்கமும் சமம். பின்னணி மட்டும் வானநீலம். ஸ்டூடியோக்காரர் மற்ற எல்லாவற்றையும் வெட்டி எறிந்திருந்தார். நாங்கள் ஊதுபத்தி ஏற்றினோம். லுவான் அக்காவால் இரண்டு கையையும் சேர்த்து உயர்த்த முடியவில்லை. இடது கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"இந்தப் படம் கோயில் கூடாரத்துல எடுத்ததா?" என்று கேட்டேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" மகன் ஆச்சரியப்பட்டார். "ஸ்டூடியோவுக்கு வர மாட்டேன், அம்மன் பொறந்தநாள் அன்னிக்கு அம்மன் முன்னாடிதான் எடுக்கணும்னு பிடிவாதம். என் பழைய கேமராவுல நானே எடுத்தேன். ரெண்டு எடுத்தேன். மொதல்ல கண்ண மூடிட்டாங்க."

தூ அண்ணன் என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்.

"அந்த மொதல் படம்?" நான் பேனாவை எடுத்தேன். "அழிச்சிட்டீங்களா?"

"கண்ணு மூடியிருந்தா என்ன, அது எங்கம்மா. அழிப்பேனா?"

கணினி எழுந்து நிற்க நெடுநேரம் எடுத்தது. தூ அண்ணன் அதற்கு உற்சாகம் கொடுத்துக்கொண்டிருந்தார். "எழுந்திருய்யா பெரியவரே, எழுந்திரு." முதலில் இரண்டாவது படம் வந்தது. வெங் அம்மா நெருக்கத்தில். பின்னால் சிவப்புத் துணி மட்டும். பயனில்லை. மகன் அம்புக்குறியை அழுத்தினார்.

முதல் படத்தை அவர் இன்னும் நாலடி தள்ளி நின்று எடுத்திருந்தார். நடுவில் வெங் அம்மா, கண் மூடி. அவருக்கு இடப்புறம் கூடாரத்தின் இரும்புக்கால், அடி முதல் நுனி வரை தெரிந்தது. அதில் கயிறு இல்லை, கல் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு நீல டிரம் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. அதன்மேல் ஹோ உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

தூ அண்ணன் திரைக்கு அருகில் குனிந்தார்.

"கழுத்து வரைக்கும் தண்ணின்னு சொன்னானே, அது அவன் குடிச்சிட்டிருந்த டீ போல" என்றார் தூ அண்ணன்.

லுவான் அக்கா சிரித்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதார். மகன் அம்மாவின் இரண்டு படத்தையும் அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்தார். கண் மூடியது ஒன்று. கண் திறந்தது ஒன்று, அக்காவுக்காக.

மணி மூன்றரை. நேராக ஜியாங் வக்கீலம்மாவிடம் போனோம். அவர் அலுவலகம் எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடி. தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் மேலே போகிறேன். கதவில் ஒரு பலகை தொங்கும். 'முதல் அரை மணி நேர ஆலோசனை இலவசம்.' வெள்ளிக்கிழமையே லுவான் அக்கா அதைப் படித்துவிட்டுக் கேட்டார், முதலில் இங்கே போகலாமா என்று. ஆதாரம் இல்லாமல் வக்கீலிடம் போனால் அரை மணி வீணாகும், முதலில் ஆதாரம், பிறகு வக்கீல் என்று வரிசை சொன்னவள் நான். எதையும் வரிசையாகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை.

வக்கீலம்மா படத்தை மேசை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தார். "அட. இவர் இப்படி உட்கார்ந்து கொடுத்ததுக்கு நாமதான் டீ வாங்கிக் கொடுக்கணும். யுன், இந்த விவரச் சீட்டை நிரப்பு. இன்னிக்கே மனு எழுதி நாளைக்குக் காலையில தாக்கல் பண்ணிடலாம்."

நான் பேனாவை எடுத்தேன். பெயர். முகவரி. காயம். அடுத்த கட்டம், சம்பவம் நடந்த தேதி. மனப்பாடமாகத் தெரிந்ததுதான், இருந்தாலும் எதையும் ஆவணத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன். படத்தைப் பக்கத்தில் இழுத்தேன். வலது கீழ் மூலையில், பழைய கேமராக்கள் பொறிக்குமே, அந்த ஆரஞ்சு எண்கள்.

2024. 3. 28.

எழுதப் போன ஏப்ரல், பேனா முனையிலேயே நின்றது.

"என்ன நோட்டம்மா, மை தீந்துருச்சா?"

நான் படத்தைத் திருப்பி அவரிடம் காட்டினேன். தூ அண்ணன் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கிண்டல் ஒவ்வொரு எண்ணாகக் கழன்றது.

"கேமராக் கடிகாரம் தப்பா ஓடியிருக்கும்" என்றார். "பழசுதானே. என் டாக்ஸியிலகூட மணி எப்பவும் பன்னெண்டுதான்."

"அக்கா." நான் லுவான் அக்காவைப் பார்த்தேன். "விழுந்த அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

வெள்ளிக்கிழமை நான் கேட்டது, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா என்றுதான். போனேன் என்றார். சரி போட்டுக்கொண்டேன்.

அக்கா தலையைக் குனிந்தார். "டாக்டர் திட்டின திட்டுல யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். மொதல்ல எலும்புக் கட்டு வைத்தியர்கிட்டதான் போனேன். பச்சிலை வெச்சுக் கட்டினார். வீக்கம் எறங்கிடும், எறங்கிடும்னார். அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்தப்போகூடக் கட்டோடதான் இருந்தேன். கதவு நிலையப் பிடிக்கப் போனேன், கை வரல. அப்புறம்தான் பயந்துபோய் ஆஸ்பத்திரி."

அந்த நிலநடுக்கத்தின் தேதி இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 3. கேமராக் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

வக்கீலம்மா கைப்பேசியில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடினார். 2024, சந்திர மாதக் கணக்கில் இரண்டாம் மாதம் பத்தொன்பதாம் நாள். அம்மன் பிறந்தநாள். மார்ச் 28.

"ஆனா இந்த வருஷம் ஏப்ரல் 6தானே?" லுவான் அக்கா காலண்டரைக் காட்டினார். "அம்மன் நாளுக்கு அம்மன் நாள் சரியா ரெண்டு வருஷம். மார்க்கெட்ல எல்லாரும் கணக்குப் போட்டுச் சொன்னாங்களே."

நான் நோட்டின் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்திலேயே இருந்தது. கூடுதல் ஆறாம் மாசம், நூடுல்ஸ், அழுகை. போன வருடம் சந்திரக் கணக்கில் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்தது. தாய்க்குப் பன்றிக்கால் நூடுல்ஸ் கொண்டுபோவதே அந்த மிகுதி மாதத்துக்காகத்தான். அந்த மாதம் நடுவில் நுழைந்து, அம்மன் பிறந்தநாளைப் பின்னால் தள்ளிவிட்டது. அழுகையைக் குறித்துக்கொண்டேன். மாதத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போன ஒன்பது நாளும், பஞ்சாங்கம் தள்ளிய ஒன்பது நாளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தன. அதற்குத்தான் நான் பச்சை மையில் சரி போட்டிருந்தேன்.

"கோர்ட்டுக்கு ஒரே காலண்டர்தான்" என்றார் வக்கீலம்மா மெதுவாக. "ரெண்டு வருஷம் முடிஞ்சது போன சனிக்கிழமை. லீவு நாள்ங்கறதால திங்கள்கிழமை வரைக்கும் டைம் இருந்துச்சு."

திங்கள்கிழமை. மழை. சுத்தப் பிரதி.

"ரெண்டு நாள்தானே" என்றார் லுவான் அக்கா. "ரெண்டு நாளுக்காகவா?"

வக்கீலம்மா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். தூ அண்ணன்தான் விடவில்லை. "வக்கீலம்மா, ஏதாவது ஒரு ஓட்டை இருக்குமே. வலையிலயே ஓட்டைதானே அதிகம்."

"நீதிபதி தானா முன்வந்து, கெடு முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டார். எதிர்த்தரப்பு சொல்லணும்."

"அப்ப ஹோ மறந்துட்டா?"

"ஹோ மறப்பார். அவர் வெக்கற வக்கீல் மறக்க மாட்டார். நான் அந்தப் பக்கம் இருந்தா மொதல் வரியே அதுதான்." அவர் பேனாவை மூடப்போய், நிறுத்தினார். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. இந்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஹோ எப்பவாவது, ஆமா, நான் பொறுப்பு, செலவ ஏத்துக்கறேன்னு சொல்லியிருக்காரா? எழுதிக் கொடுத்தாரா? ஒரு வரி போதும். கடன்பட்டதா ஒத்துக்கிட்டா, அன்னியில இருந்து ரெண்டு வருஷம் மறுபடியும் மொதல்ல இருந்து ஓடும்."

நான் தூ அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம். "பழக்கூடை."

"அடியில ஒரு உறை இருந்துச்சுன்னீங்களே அக்கா?" நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்?" லுவான் அக்கா திகைத்தார். "நான்தான் திருப்பி அனுப்பிட்டேனே. தொடவே இல்லையே."

"உங்க தம்பி பிரிச்சுப் பாத்திருப்பாரா?"

"சத்தியம் வாங்கிட்டுத்தான் அனுப்பினேன், பிரிக்கக்கூடாதுன்னு." அவர் வக்கீலம்மாவைப் பார்த்தார். "வாங்கியிருந்தா கேஸ் போயிருக்கும் இல்லையா?"

வக்கீலம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "போயிருக்காதும்மா. பழத்த சாப்பிட்டாக்கூடப் போயிருக்காது. அந்த உறையில சமாதானக் கடுதாசி இருந்து, அதுல நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா போயிருக்கும். வெறும் மன்னிப்பா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ஏத்துக்கறேன்னு ஒரு வரி இருந்திருந்தா..." அவர் முடிக்கவில்லை. "அது இப்ப ஹோகிட்டதான் இருக்கு. இருந்தாலும் எடுத்துக் காட்ட மாட்டார்."

"நான் போய்க் கேக்கறேன்" என்றார் தூ அண்ணன். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது எதற்கு என்று ஹோ தன் வக்கீலைக் கேட்பார், அதோடு சரி.

நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை மதியம் நாங்க இங்க வந்திருந்தா?"

"இங்கதான் இருந்தேன்."

"ஆதாரம் எதுவும் இல்லாம?"

"வெறுங்கையோட வந்திருந்தாலும் மொதல்ல, எந்த நாள், எந்தக் காலண்டர்னுதான் கேட்டிருப்பேன். அன்னிக்கே ஒரு பக்க மனு தாக்கல் பண்ணியிருப்பேன். ஆதாரத்த அப்புறம் சேத்துக்கலாம் யுன். தேதிய அப்புறம் சேக்க முடியாது."

அவர் கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் என் நோட்டை மூடினேன். பச்சை மையில் போட்ட சரி உள்ளே கிடந்தது. அதை அடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

தூ அண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒரு கிண்டலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

லுவான் அக்கா நீண்ட நேரம் கவிழ்ந்த டிரம்மையும், அதன்மேல் ஆடும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் படத்தை வக்கீலம்மா பக்கம் நகர்த்திவிட்டு, உறையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். கண் திறந்த படம். வழக்குக்கு ஒன்றுக்கும் உதவாதது. இடது கை ஆட்காட்டி விரலை வெங் அம்மாவின் நெற்றிக்கு மேல் வைத்து, தூக்கிய முடியின் வளைவோடு மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். காதோரம் வந்து நின்றார். மறுபக்கம் போனார்.

"சமமா வந்திருக்கு" என்றார்.

"இதுக்கு அப்புறம் பழத்தட்ட எடுத்துட்டு நேராக் கோயிலுக்குத்தான் போனேன். இந்தக் கை செஞ்ச கடைசித் தல இதுதான்." அவர் படத்தை மடியில், வலது கையின்மேல் வைத்துக்கொண்டார். "யுன், இத நான் வெச்சுக்கலாமா? கோர்ட்டுக்கு வேணுமா?"

"வேணாம் அக்கா."

"அப்ப கடையில மாட்டிக்கறேன்." கொஞ்சம் யோசித்தார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் மாட்டிக்கலாம். அப்புறம் கடையக் காலி பண்ணணும்."

எழுந்தார். படியில் அவருக்குக் கை கொடுக்கப் போனேன். பழக்கத்தில் வலது பக்கமாகப் போய்விட்டேன். அவர் சுற்றி என் மறுபக்கம் வந்து, இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.